புதிய மேப்பரின் தவறும் நம் முதல் செய்தியும்: திறந்த வரைபடத் தரவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

யாரும் வரையவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சில காலம் வரைந்துவிட்டு, இப்போது மற்றவர்களின் எடிட்டுகளையும் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு. ஒரு தவறு கண்ணில் படுகிறது. செய்தவர் நேற்றுத்தான் கணக்குத் தொடங்கியிருக்கிறார். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று கை தயங்குகிறது. அந்த நேரத்துக்கானது இது. நீங்களே புதியவர் என்றால் கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேராகப் போய்விடுங்கள்.

சில சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வரைபடத்தில் உள்ள எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கும்: புள்ளி, கோடு, இவற்றை ஒன்றாகக் கட்டும் ரிலேஷன். அது சாலையா, பள்ளியா, பேருந்துத் தடமா என்று சொல்வது டேக். ஒருவர் ஒரு முறையில் சேமிக்கும் மாற்றங்களின் கட்டு சேஞ்ச்செட். 2014 முதல் எந்தச் சேஞ்ச்செட்டின் கீழும் யாரும் கருத்து எழுதலாம். நாம் பேசப்போவது பெரும்பாலும் அந்தக் கருத்துப் பெட்டியில் நடப்பதைப் பற்றித்தான்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் இந்தத் தரவை எப்படி நம்புவது?

2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் இதைத் தொடங்கிய நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி. 2010-ல் முகி ஹக்லே என்ற ஆய்வாளர் இதற்கு அளந்து பதில் சொன்னார். இங்கிலாந்தின் தன்னார்வலர்கள் வரைந்த சாலைகளை, அந்நாட்டு அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் தரவுடன் ஒப்பிட்டார். வித்தியாசம் சராசரியாக 6 மீட்டர் அளவில்தான் இருந்தது. கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாக நடந்தவர்களுக்கு அது பெரிய சாதனை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வசதி குறைந்த பகுதிகளில் வரைபடம் ஒப்பீட்டளவில் வெறுமையாகக் கிடந்தது. வரைய ஆள் இருந்த இடத்தில் தரவு நன்றாக இருந்தது, ஆள் இல்லாத இடத்தில் தரவே இல்லை. தரம் பற்றி யார் என்னிடம் பேச வந்தாலும் முதலில் இதைத்தான் எடுத்து வைப்பேன். பதிவு செய்த கணக்குகள் 1 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு எடிட்கூட நடந்ததில்லை. முதல் எடிட் செய்துவிட்டு மறுநாளும் வருகிற ஒருவர் எவ்வளவு அரியவர் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இடம் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. புவியியல் தரவின் தரத்துக்கான ஐஎஸ்ஓ 19157 தரநிலை பல கோணங்களில் பார்க்கச் சொல்கிறது: இருக்க வேண்டியது எல்லாம் இருக்கிறதா, இடம் சரியா, வகை சரியா, காலத்தோடு ஒத்துப்போகிறதா, உள்ளுக்குள் முரண் இல்லையா.

கடைசியில் சொன்னதுதான் கண்ணுக்குத் தெரியாமல் கெடுதல் செய்வது. இரண்டு சாலைகள் ஒன்றையொன்று வெட்டுவதுபோல் திரையில் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகக் கிடக்கும். ஆனால் அந்தச் சந்திப்பில் இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளி இல்லையென்றால், வழிகாட்டும் செயலிக்கு அங்கே திரும்ப வழியே கிடையாது. வண்டியை நேராக ஓட்டிக்கொண்டு போகச் சொல்லும். வரைந்தவர் அதை அறியவே மாட்டார். அவர் பார்த்த படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

புதியவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்?

நான் அதிகம் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 'அன்கிளாசிஃபைட்' என்ற சாலை வகை. சொல்லைப் பார்த்தால் 'வகை தெரியாத சாலை' என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது பிரிட்டிஷ் சாலை வகைப்பாட்டிலிருந்து வந்த பெயர். பொதுப் போக்குவரத்துக்கான சிறிய இணைப்புச் சாலை என்று பொருள். வகை தெரியாத சாலைக்கு 'ரோடு' என்று வேறொரு மதிப்பு இருக்கிறது. டேக்குகள் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அமைந்துவிட்டதால் உலகம் முழுக்க இந்தக் குழப்பம் இருக்கிறது. இதில் புதியவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

தனியார் பாதையைப் 'பொதுமக்கள் போகக்கூடாது' என்பதற்காக வரைபடத்திலிருந்தே அழித்துவிடுவது இன்னொன்று. பாதை தரையில் இருக்கிறது, ஆகவே வரைபடத்திலும் இருக்க வேண்டும். அனுமதி இல்லை என்பதற்கு 'ஆக்சஸ்' டேக் இருக்கிறது. பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக அழகாக வரைவதும் அடிக்கடி நடக்கும். கோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கோட்டின் வரலாறு அறுந்துபோகும், அது உறுப்பாக இருந்த பேருந்துத் தடத்தில் ஓட்டை விழும். இருக்கிற கோட்டை இழுத்துச் சரிசெய்வது எப்போதும் மேல்.

செயற்கைக்கோள் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கும்; அதைப் பார்த்துச் சரியாக இருந்த தெருக்களையெல்லாம் நகர்த்திவிடுவார்கள். வீட்டில் குடியிருப்பவரின் பெயரை எழுதிவிடுவார்கள். வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பெயர்களை எடுத்துப் போடுவார்கள். இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. 2012 முதல் நம் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வெளியாகிறது. உரிமம் இல்லாத இடத்திலிருந்து எடுத்தது உள்ளே நுழைந்தால், சரியான தகவலாக இருந்தாலும் நீக்கித்தான் ஆக வேண்டும். கூகுள் மேப்ஸும் அதன் தெருக்காட்சியும் இந்தக் கணக்கில்தான் வரும்.

தெரியாமல் செய்ததா, வேண்டுமென்றே கெடுத்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் தெரியாமல் செய்ததுதான் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. 2018 ஆகஸ்டில் நியூயார்க் நகரத்தின் பெயரை ஒருவர் வெறுப்புச் சொல்லாக மாற்றினார். தன்னார்வலர்கள் அதைச் சில மணி நேரத்துக்குள் நீக்கிவிட்டார்கள். ஆனால் நம் தரவை எடுத்துப் பயன்படுத்திய ஒரு வணிக வரைபடச் சேவையில் அது சில வாரங்கள் கழித்து வெளிப்பட்டு உலகச் செய்தியானது. அப்படிப்பட்டதைப் பார்த்தால் விவாதம் வேண்டாம். நீக்குங்கள், டேட்டா ஒர்க்கிங் குரூப்புக்குத் தெரியப்படுத்துங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம்) அறக்கட்டளையின் கீழ் இயங்கும் இந்தத் தன்னார்வலர் குழுவுக்குத்தான் கணக்கை முடக்கும் பொறுப்பு இருக்கிறது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. போக்கிமான் கோ விளையாட்டு நம் தரவைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்ததும், விளையாட்டில் லாபம் பார்க்க இல்லாத பூங்காக்களை வரைந்தவர்கள் கிளம்பினார்கள். தரவைக் கெடுத்தார்கள், சந்தேகமில்லை. அதே விளையாட்டுக்காக வந்து அக்கம்பக்கத்து நடைபாதைகளை ஒழுங்காக வரைந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் ஏன் வந்தார் என்பதை வைத்து அவர் எப்படி முடிவார் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய மற்ற சேஞ்ச்செட்டுகளையும் திறந்து பாருங்கள். பத்தில் எட்டு ஒழுங்காக இருந்தால் மீதி இரண்டும் அறியாமையாகத்தான் இருக்கும்.

முதல் செய்தியை எப்படி எழுதுவது?

நான் எழுதிய ஒரு மோசமான செய்தியைச் சொல்லி இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஓர் ஆற்றின்மேல் இருந்த நடைபாலத்தை ஒரு புதிய கணக்கு அழித்திருந்தது. அது அவருடைய மூன்றாவது எடிட். சேஞ்ச்செட்டின் குறிப்புப் பெட்டி காலியாக இருந்தது. நான் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தேன், பாலம் பளிச்சென்று தெரிந்தது. உடனே மீட்டுவிட்டு இப்படி எழுதினேன்: 'பாலத்தை ஏன் அழித்தீர்கள்? படத்தில் தெளிவாகத் தெரிகிறதே. விதிமுறைகளைப் படித்துவிட்டு எடிட் செய்யுங்கள்.'

பதில் வரவில்லை. அந்தக் கணக்கிலிருந்து அதன்பிறகு ஓர் எடிட்டும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொருவர் அங்கே ஒரு குறிப்புப் போட்டார்: பாலம் வெள்ளத்தில் போய்விட்டது, இரண்டு கரையிலும் தூண்கள் மட்டும் நிற்கின்றன, செயலி இன்னும் இந்த வழியாகவே நடக்கச் சொல்கிறது. நான் பார்த்த படம் வெள்ளத்துக்கு முந்தையது. அந்தப் புதியவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த நான்கு மாதமும் தவறான தரவை வரைபடத்தில் வைத்திருந்தவன் நான்தான்.

அவர் முறையிலும் ஒரு குறை இருந்தது. போய்விட்ட பாலத்தை வெறுமனே அழித்தால், பழைய படத்தைப் பார்க்கும் அடுத்த ஆள் மறுபடி வரைந்துவிடுவார். 'டெஸ்ட்ராய்டு' என்ற முன்னொட்டைச் சேர்த்து, அழிந்ததாகக் குறித்து வைத்தால் அந்த ஆபத்து இல்லை. இதை அவருக்குச் சொல்லித் தந்திருக்கலாம். இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

'வணக்கம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வந்ததில் மகிழ்ச்சி. இந்த நடைபாலத்தை நீக்கியிருப்பதைப் பார்த்தேன். என்னிடம் உள்ள படத்தில் அது தெரிகிறது, ஆனால் படம் பழையதாக இருக்கலாம். நீங்கள் நேரில் பார்த்தீர்களா? பாலம் இப்போது இல்லையென்றால் அழிந்ததாகக் குறிக்க ஒரு வழி இருக்கிறது, அப்படிச் செய்தால் யாரும் மறுபடி வரைய மாட்டார்கள். வேண்டுமானால் நானே செய்து தருகிறேன்.'

இதில் கவனிக்க வேண்டியது கேள்விதான். 'நேரில் பார்த்தீர்களா' என்பது மரியாதைக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. எனக்குத் தெரியாத, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்கிறேன். தரவைச் சரிபார்க்க நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி அந்த இடத்துக்குப் போய்வந்த ஆளின் பதில். முதல் செய்தியிலேயே அவரை அதட்டினால் அந்தக் கருவியை நாமே உடைத்துப் போடுகிறோம்.

மற்றபடி: ஒரு செய்தியில் ஒரு விஷயம் போதும். ஏழு தவறு இருந்தால் முக்கியமான ஒன்றை எடுங்கள், மற்ற ஆறையும் நீங்களே சரிசெய்துவிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கிப் பக்கத்தின் இணைப்பைத் தருவது நல்லது, ஆனால் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பக்கங்கள் நீளமானவை. எந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் சரியாகச் செய்ததில் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். 'நல்ல வேலை' என்பது யாருக்கும் ஒட்டாது. 'பள்ளியின் பின்வாசலைச் சேர்த்தது மிகவும் உதவியாக இருக்கும்' என்றால் நீங்கள் உண்மையிலேயே பார்த்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

'நீ'யா, 'நீங்க'ளா? தமிழிலா, ஆங்கிலத்திலா?

எப்போதும் 'நீங்கள்'. பதினைந்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம், ஓய்வுபெற்ற பொறியாளராகவும் இருக்கலாம். மொழியைப் பொறுத்தவரை, அவர் சேஞ்ச்செட் குறிப்பை எந்த மொழியில் எழுதினாரோ அதிலேயே எழுதுங்கள். குறிப்பு காலியாக இருந்தால் அந்த வட்டாரத்தின் மொழியில் தொடங்கி, கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி போடலாம்.

பதில் வரும்வரை தவறை அப்படியே விட்டுவைக்க வேண்டுமா?

தவறு யாரையாவது தவறான வழியில் அனுப்புமா என்று பாருங்கள். முக்கியச் சாலை துண்டாகியிருந்தால், ஒருவழிப் பாதை திசை மாறியிருந்தால், ஊர் எல்லை உடைந்திருந்தால் உடனே சரிசெய்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். கட்டடத்தின் மூலை சற்றுக் கோணலாக இருப்பதற்கு அவசரமே இல்லை. ஒரு வாரம் பொறுங்கள், அவரே திருத்தட்டும். தன் கையால் ஒருமுறை திருத்தியவர் அதை மறக்க மாட்டார்.

முழு சேஞ்ச்செட்டையும் ரிவர்ட் செய்வது, அதாவது பழைய நிலைக்கே திருப்புவது, கடைசி வழி. ஐம்பது மாற்றத்தில் மூன்று தவறு என்பதற்காக ஐம்பதையும் தூக்கினால், சரியான நாற்பத்தேழும் போய்விடும், ஆளும் போய்விடுவார். நம் தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பு எண்ணும் வரலாறும் இருக்கின்றன. எதுவும் நிரந்தரமாகத் தொலைவதில்லை, ஆகவே நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. வேண்டுமென்றே ஒதுக்குகிறாரா?

அநேகமாக அவர் பார்க்கவே இல்லை. சேஞ்ச்செட் கருத்து மின்னஞ்சலாகப் போகிறது. அது குப்பை அஞ்சலில் விழலாம். அலைபேசிச் செயலியில் எடிட் செய்பவருக்கு இப்படி ஒரு கருத்துப் பெட்டி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். தனிச்செய்தியும் அனுப்பிப் பாருங்கள். தவறு தொடர்ந்தால் டேட்டா ஒர்க்கிங் குரூப்பிடம் சொல்லலாம். அவர்களால் கணக்குக்கு ஒரு செய்தியை வைக்க முடியும்; அதைத் திறந்து படித்தால்தான் மேற்கொண்டு எடிட் செய்ய முடியும். பார்க்கத் தண்டனைபோல் இருக்கும், ஆனால் 'இந்தக் கடிதத்தைப் படியுங்கள்' என்று கதவில் ஒட்டுவது மாதிரிதான் அது.

பிழை கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றனவே, இவ்வளவு பேச்சு எதற்கு?

ஆஸ்மோஸ், ஓஎஸ்எம்சா போன்ற கருவிகளை நானும் தினமும் திறக்கிறேன். இணையாத சாலை, சந்தேகத்துக்குரிய பெரிய மாற்றம் போன்றவற்றை அவை நொடியில் காட்டிவிடும். ஆனால் முரணைத்தான் அவை காட்டும். உண்மையைச் சொல்ல அவற்றால் முடியாது. மேலே சொன்ன பாலத்தை நான் மீட்டு வைத்திருந்த நான்கு மாதமும் எந்தக் கருவியும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. டேக், இணைப்பு, எல்லாமே சரியாக இருந்தன. பாலம் மட்டும்தான் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே வேலை என்று நினைத்து, இடத்தைப் பார்க்காமலே 'சரிசெய்கிறவர்கள்'. ஆறும் சாலையும் வெட்டும் இடத்தில் எச்சரிக்கை வந்தால் ஒரு பாலத்தைப் போட்டு எச்சரிக்கையை அணைத்துவிடுவார்கள். அங்கே இருப்பது சிறு குழாய்ப்பாலமாகவோ, தண்ணீரில் இறங்கிக் கடக்கும் இடமாகவோ இருக்கலாம். தெரியாத இடத்தில் 'இதைச் சரிபார்க்க வேண்டும்' என்று சொல்லும் 'ஃபிக்ஸ்மீ' டேக் போட்டுவிட்டு நகர்வது எவ்வளவோ நேர்மையானது.

பேரிடர் நேரத்தில் நூற்றுக்கணக்கான புதியவர்கள் ஒரே நாளில் வந்தால்?

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கிலும் இருந்து தன்னார்வலர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்களைச் சில நாட்களில் வரைந்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் ஹாட் எனப்படும் மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு அமைப்பாக உருவானது. இன்று அவர்களின் வேலையைப் பிரித்துத் தரும் தளமான டாஸ்கிங் மேனேஜரில் இடம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்க்கிறார்.

இப்படிப்பட்ட கூட்டு நிகழ்வுகளில் எல்லோரிடமும் ஒரே தவறு தெரியும். உலாவியிலேயே வரைய உதவும் ஐடி எடிட்டரில் க்யூ விசையை அழுத்தினால் கட்டட மூலைகள் செங்கோணமாகிவிடும்; அதைச் சொல்லித் தராத வகுப்பிலிருந்து முந்நூறு கோணல் கட்டடங்கள் வரும். முப்பது மாணவர்களுக்கும் தனித்தனியே எழுதுவதில் பயனில்லை. நடத்துபவரைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு செய்தி எழுதுங்கள். 2018-ல் ஏற்கப்பட்ட ஒருங்கிணைந்த எடிட்டிங் வழிகாட்டுதல்கள் இதற்குத்தான் நடத்துபவர் யார் என்பதை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கின்றன. நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பங்கேற்பாளர் எண்ணிக்கையைப் பெரிதாக அறிவிப்பதைவிட, ஒவ்வொருவர் திரைக்குப் பக்கத்திலும் இரண்டு நிமிடம் உட்காருங்கள்.

மொத்தமாகத் தரவை இறக்குமதி செய்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

அமெரிக்காவில் 2007, 2008-ல் டைகர் என்ற அரசுச் சாலைத் தரவை மொத்தமாக ஏற்றினார்கள். நாடு முழுவதும் சாலைகள் வந்தன. கூடவே இடம் விலகியவை, தரையில் இல்லாதவை, தப்பாக வகைப்படுத்தியவை எல்லாம் வந்தன. ஆண்டுக்கணக்கில் கையால் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியவர்கள் உள்ளூர் மேப்பர்கள். இறக்குமதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

நான் புதியவர். என் எடிட்டை யாரோ மாற்றிவிட்டார்கள், மனசு விட்டுப்போச்சு.

புரிகிறது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வரைந்தது மறுநாள் காணாமல் போனால் வலிக்கத்தான் செய்யும். அந்த இடத்தின் வரலாற்றைத் திறந்து, மாற்றியவரின் சேஞ்ச்செட்டில் கேளுங்கள்: 'நான் நேரில் பார்த்து வரைந்தேன், என்ன காரணத்தால் மாற்றினீர்கள்?' தரையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே அடிப்படை விதி. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் அதே விதிதான். நீங்கள் பார்த்தது சரி என்றால் தயங்காமல் சொல்லுங்கள். உங்களால் எடுக்க முடிந்தால் ஒரு புகைப்படம் போதும், விவாதம் முடிந்துவிடும். அவர் கடுமையாக எழுதியிருந்தால் உள்ளூர்க் குழுவில் இன்னொருவரிடம் காட்டுங்கள். தனியாகச் சண்டை போட வேண்டாம்.

முதல் எடிட் செய்யவே பயமாக இருக்கிறது. எதையாவது உடைத்துவிட்டால்?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, நேற்றுக்கூட நடந்துபோன ஓர் இடத்தை எடுங்கள். சிறிய விஷயம் ஒன்று: பெயர் மாறிய பலகை, புதிதாக வந்த படிக்கட்டு, அடைத்துப் போட்ட வாயில். ஆண்ட்ராய்டு அலைபேசி இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில் தொடங்கலாம். அது கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் போதும், டேக் எதுவும் தெரிய வேண்டாம். கணினியில் செய்தால் இரண்டு ஊர்களில் செய்த மாற்றங்களை ஒரே சேஞ்ச்செட்டில் போடாதீர்கள், பின்னால் பார்ப்பவர்களுக்குக் குழப்பமாகும்.

கணினியில் சேமிக்கும்போது குறிப்புப் பெட்டியில் என்ன மாற்றினீர்கள், எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுதுங்கள்: 'பாலம் இடிந்துவிட்டது, நேற்று நேரில் பார்த்தேன்.' அதற்குக் கீழே, என் எடிட்டை யாராவது பார்க்க வேண்டும் என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டுச் சேமியுங்கள். அப்படி வருபவற்றைத் தினமும் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்க்கிறேன். பதில் எழுதுவோம்.